புகை டெஸ்ட்டில் ஃபெயிலான காரை தானமாகக் கொடுக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கார் புகை டெஸ்ட்டில் ஃபெயில் ஆகிவிட்டது, ஏதாவது முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ கொடுத்துவிடட்டுமா என்று கேட்டுத்தான் இப்போது நிறையப் பேர் எழுதுகிறீர்கள். கொடுக்க நினைக்கிற மனசுக்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கார் போய் நிற்கப் போகிற வாசலில் மூச்சிரைக்கும் பெரியவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பதையும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

2012 மாடல் பெட்ரோல் கார். டெஸ்ட்டில் கார்பன் மோனாக்சைடு 1.1 காட்டியது. அப்படியே ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா? (அடையாறு)

அப்படியே கொடுக்க முடியாது சார். ஆர்சியை இல்லத்தின் பெயருக்கு மாற்றக் கேட்கிற ஆவணங்களில் செல்லுபடியாகும் புகைச் சான்றிதழும் ஒன்று. சென்னையில் 2010 ஏப்ரலிலேயே பிஎஸ்-4 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டதால் உங்கள் காருக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 0.3 சதவீதம், எரியாமல் வெளியே வரும் எரிபொருளான ஹைட்ரோகார்பனுக்கு 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு). 1.1 என்பது அதிகம்தான், ஆனாலும் இன்ஜினே போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற சென்டருக்கு ஓட்டிப் போய் உடனே டெஸ்ட் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேயே பாதி விஷயம் இருக்கிறது. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறினால்தான் வேலை செய்யும். ஈசிஆரில் அக்கரை வரை போய்த் திரும்பி, இன்ஜினை அணைக்காமல் நேராக டெஸ்ட்டுக்கு விடுங்கள். அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், மடிப்புக்குள் வெளிச்சமே தெரியவில்லை என்றால் மாற்றிவிட வேண்டியதுதான். அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சொல்லி நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள். நுனி லேசான பழுப்பு நிறத்தில் இருந்தால் நல்லது; அடுப்புக்கரி மாதிரி உலர்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, புகையில் ஆக்சிஜனை அளக்கிற ஆக்சிஜன் சென்சாரையும் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும்; எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால் ஆயில் உள்ளே எரிகிறது, அது பெரிய வேலை, செலவுக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். வண்டியைக் கொண்டுவராமலே காசுக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தானம் கொடுக்கிற காரில் அந்தப் பொய் வேண்டாம்.

காரைக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை உண்டா? (மேற்கு மாம்பலம்)

கிடையாது. நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தருகிற 80ஜி, பணமாகக் கொடுப்பதற்கு மட்டும்தான், பொருளுக்கு இல்லை. பணத்திலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு வராது. புதிய வரி முறையில் இருக்கிறீர்கள் என்றால் இந்தக் கழிவே கிடையாது. சலுகை வேண்டுமென்றால் காரைச் சரிசெய்து விற்று, பணத்தை 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைக்கு வங்கி வழியாகக் கொடுத்து, நன்கொடைக்கு அவர்கள் தருகிற படிவம் 10பிஇ சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு இல்லத்துக்குக் கார் கொடுத்தேன். படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு சரி. இப்போது என் போனுக்கு இ-சலான் வருகிறது. (பெரம்பூர்)

அம்மா, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சலான் சின்ன விஷயம், அந்தக் கார் யார் மீதாவது மோதினால்தான் பெரிய சிக்கல். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. கொடுத்தாச்சு, சாவியும் கைமாறியாச்சு என்கிற வாதம் அங்கே எடுபடாது. சட்டப்படி ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுத்தவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நேரில் இல்லத்துக்குப் போங்கள். கார் அங்கேயே இருக்கிறதா, வேறு யாருக்காவது கைமாறிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். இருந்தால் அவர்களையும் வைத்துக்கொண்டு பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஏற்றி முடித்துவிடுங்கள், பழைய கார் கடன் இன்னும் ஆர்சியில் பதிவாகி நின்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குகிற படிவம் 35ம் சேர்த்து. கார் அங்கே இல்லையென்றால், எந்தத் தேதியில் யாரிடம் கொடுத்தீர்கள் என்று எழுதி ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள், ஒரு வக்கீலையும் பாருங்கள். இனிமேல் கொடுக்கப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: தேதி, நேரம், கிலோமீட்டர் போட்டு இல்லத்தின் முத்திரையோடு ஒரு ரசீது வாங்காமல் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

2007 டீசல் கார், பதிவுக் காலம் முடிந்துவிட்டது, கரும்புகை கக்குகிறது. எந்த இல்லமும் வாங்க மறுக்கிறது. (அம்பத்தூர்)

மறுத்தது சரிதான், அவர்கள் மேல் வருத்தப்படாதீர்கள். பதிவைப் புதுப்பித்து, பம்ப்பும் இன்ஜெக்டரும் பார்த்து, அப்புறமும் மாதா மாதம் செலவு வைக்கிற வண்டி ஒரு இல்லத்துக்குப் பாரம்தான். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் காரை ஒப்படையுங்கள். பழைய இரும்பு விலை கிடைக்கும், கூடவே ஒப்படைப்புச் சான்றிதழும். அதை வைத்துப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை, சொந்த வாகனத்துக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் மத்திய விதியில் இடம் இருக்கிறது. கிடைத்த பணத்தை இல்லத்துக்குக் கொடுங்கள்: அரிசியாகும், மருந்தாகும்.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற புதுப்பேட்டையில் போட்டுவிடலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களின் கைத்திறமை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முறையாகப் பதிவை ரத்து செய்யாமல் வண்டியைப் பிரித்தால் உங்கள் ஆர்சியும் சேஸிஸ் நம்பரும் உயிரோடு இருக்கும், அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. அதனால் மையத்துக்கே போங்கள்.

மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற கார். அதற்குப் பிறகு ஒவ்வொரு டெஸ்ட்டிலும் ஃபெயில். (வேளச்சேரி)

ஆக்சிஜன் சென்சாரின் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். பின்களில் பச்சையாகப் பூத்திருந்தால் தண்ணீர் செய்த வேலைதான், சென்சார் தப்பான கணக்குச் சொல்ல இன்ஜினும் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றும். சரிசெய்து பாஸ் ஆனாலும், வெள்ளத்தில் நின்ற கார் என்பதை வாங்கிக்கொள்கிற இல்லத்திடம் எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது நடுவழியில் நிற்கக் கூடாது பாருங்கள்.

என் நோ கிளெய்ம் போனஸ் காரோடு போய்விடுமா? (போரூர்)

போகாது, இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற அந்தத் தள்ளுபடி உங்களுடையது. பெயர் மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வையுங்கள், 3 வருஷத்துக்குள் வாங்குகிற காருக்குப் பயன்படும். ஃபாஸ்டேகையும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

அப்பா தவறிவிட்டார். அவருடைய காரை அவர் பெயரில் ஒரு இல்லத்துக்குக் கொடுக்க ஆசை. டெஸ்ட்டில் ஃபெயில் ஆகியிருக்கிறது. (மயிலாப்பூர்)

முதலில் கார் உங்கள் பெயருக்கு வர வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் வேண்டும். 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நாள் கடந்திருந்தாலும் போய்ப் பேசுங்கள். அண்ணன் தம்பிகளிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது, கார் போன பிறகு பேச்சு வந்தால் அந்த இல்லத்துக்கும் சங்கடம்.

ரிப்பேருக்கு விடுவதற்கு முன் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். அப்பா பழைய புகைச் சான்றிதழ்களை மடித்து வைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ரீடிங் இருக்கும், தேதிவாரியாக அடுக்கி மெக்கானிக்கிடம் காட்டினால் எப்போதிலிருந்து ஏற ஆரம்பித்தது என்று பார்த்துவிடுவார்.