கிரீன்லாந்தைக் கடந்து வந்தால் இந்த வெறுமை தீருமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 46 வயது. ஒஸ்லோவில் தாதியாக வேலை செய்கிறேன். 1980களின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அப்பா, நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மீன் வெட்டி எங்களை ஆளாக்கினார். போன மார்கழியில் அவர் காலமானார். எட்டாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டேன், அழுகை வரவில்லை. அன்றிலிருந்து வேலை, கோயில், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முறையாகவே நடக்கின்றன. எதற்காக நடக்கின்றன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கிரீன்லாந்துப் பனிப்பாளத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகச் சறுக்குக் கட்டைகளில் கடக்கும் குழுவொன்றில், வரும் வசந்தத்துக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர், நான்கு வாரம். உணவும் கூடாரமும் ஏற்றிய சறுக்குவண்டியை இடுப்பில் கட்டி இழுக்க வேண்டும். அதற்காக மாசி மாதத்திலிருந்து மாலைகளில் காட்டுப் பாதையில் இரண்டு கார் டயர்களை இழுத்துப் பழகுகிறேன். "மாமா இந்தக் குளிருக்குள் கிடந்து உழைத்தது போதாதா, நீர் காசு கொடுத்துப் போகப் போகிறீரா?" என்று கணவர் கேட்கிறார். மூத்த மகன் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. நான் எதையாவது தேடிப் போகிறேனா, இல்லை எதிலிருந்தாவது ஓடுகிறேனா?

— ஒரு வாசகி, ஒஸ்லோ

அன்புச் சகோதரி,

தேடலா, ஓட்டமா என்று இப்போதே தீர்ப்பெழுத வேண்டாம். பெரிய பயணங்களில் இரண்டும் கலந்தே இருக்கும். என் கண்ணில் பட்டது வேறொன்று. அப்பா மறைந்தது மார்கழியில், டயரைக் கட்டியது மாசியில். கண் அழாததை இடுப்பு இழுத்துக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அது தவறில்லை. ஆனால் பனிப்பாளம் துக்கத்தை ஆற்றும் என்று எண்ணிப் போகாதீர்கள். வானமும் தரையும் ஒரே வெண்மையாகிவிடும் நாட்களில், காலடியில் இருப்பது மேடா பள்ளமா என்பதுகூடத் தெரியாமல், முன்னால் போகிறவரின் முதுகை மட்டும் பார்த்தபடி மணிக்கணக்காகப் பேச்சின்றி நடக்க வேண்டியிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் கிடைக்காதபோது மனம் தன் பழைய மூட்டையை அவிழ்க்கும். உடல் களைத்திருக்கும் அந்த நேரத்தில், முன்பே ஒருமுறையாவது பிரித்துப் பார்த்த மூட்டையைச் சுமப்பது எளிது.

1888இல் இந்தப் பனிப்பாளத்தை முதன்முதலாகக் கடந்த, நோர்வே ஆய்வுப் பயணி நான்சென் குழுவினர் அறுவர். திரும்பிப் போக வழி இருக்கக் கூடாது என்பதற்காகவே நான்சென், மக்கள் அரிதாக வாழ்ந்த கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டார். அவருக்கு அது பலித்தது. துக்கத்தோடு புறப்படும் ஒருவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 1909இல் தென்துருவத்துக்கு ஏறத்தாழ 180 கிலோமீட்டர் இருக்கையில் திரும்பிய ஆய்வுப் பயணி ஷாக்கிள்டனைத்தான் உங்களுக்குச் சொல்வேன்; அவரோடு சென்ற மூவரும் உயிரோடு திரும்பினார்கள்.

நான்சென் குழுவில் இருவர், பால்ட்டோவும் ராவ்னாவும், உங்கள் அப்பா உழைத்த அதே பின்மார்க்கின் காராஷோக் ஊரைச் சேர்ந்த, வடக்கின் பழங்குடிகளான சாமி (Sámi) இனத்தவர். ராவ்னா அறுவரிலும் மூத்தவர், குடும்பஸ்தர். அவர்கள் வாழ்வின் பொருளைத் தேடிப் போகவில்லை, கூலிக்குப் போனார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் வடக்கே போனார். அவருடைய குளிருக்கு ஒரு காரணம் இருந்தது, உங்களுடையதற்கு இல்லையே என்ற கூச்சம் உங்களுக்குள் இருக்கிறதா? கணவரின் கேள்வி அவ்வளவு உறைப்பது அதனால்தானோ என்று ஐயுறுகிறேன்.

ஆகவே அடுத்த தவணைப் பணத்தைக் கட்டுமுன் வடக்கே போய் வாருங்கள். அப்பா நின்று மீன் வெட்டிய இடத்தையும், அவரோடு நின்றவர்களில் இன்னும் அங்கிருப்பவர்களையும் பாருங்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிறகு பனிக்காலத்தில் தென் நோர்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் துணையோடு நான்கு நாள் நடந்து, ஒருமுறை வேண்டுமென்றே பாதியில் திரும்புங்கள். திரும்பும் வழியில் மனம் உங்களை ஏசினால், என்ன சொல்லி ஏசியது என்று அன்றிரவே எழுதி எனக்கு அனுப்புங்கள். அமைதியாகத் திரும்ப முடிந்தால், கிரீன்லாந்துக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. தூக்கம் கெட்டாலோ, 'அங்கிருந்து வராமலே போனாலும் பரவாயில்லை' என்ற நினைப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ, இதையெல்லாம் விட்டுவிட்டு அன்றே குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள்.

மகனுக்கு இந்தப் பயணத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். தாத்தாவை இழந்தவன், தாயையும் பனிக்குள் அனுப்பப் பயப்படுகிறான். ஒரு மாலை காட்டுப் பாதைக்குக் கூட வருமாறு கேளுங்கள். வந்தால், இரண்டு டயர்களில் ஒன்றின் கயிற்றை அவனிடம் கொடுங்கள்.