கணினி வன்பொருளில் உங்களை மிகவும் வியக்க வைத்த கண்டுபிடிப்பு எது?

நிறையப் பேர் ப்ராசஸரைச் சொல்வார்கள், இல்லையென்றால் எஸ்எஸ்டியை. என் பதில் மதர்போர்டில் இருக்கும் ஸ்லாட். இன்னும் சரியாகச் சொன்னால், அதில் செருகிய கார்டைப் பார்த்துக் கணினி "நீ யார், உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பதற்கும், கார்டு பதில் சொல்வதற்கும் செய்துவைத்த ஏற்பாடு.

அந்த ஏற்பாடு இல்லாமல் நான் வேலை பார்த்திருக்கிறேன். 1997ல் திருச்சியில் ஒரு சின்னக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருந்தேன். ஒருவருக்குப் புதிதாக மோடம் போட்டுக் கொடுத்தோம். மோடம் டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் அப்படியே நின்றுவிடும். மவுஸை மாற்றினோம், மோடத்தை மாற்றினோம், விண்டோஸையே அழித்துவிட்டு மறுபடி போட்டோம். இரண்டு நாள் போய்விட்டது. கடைசியில் காரணம் தெரிந்தது. மவுஸ் இருந்தது காம் 1 என்ற சீரியல் போர்ட்டில், மோடம் இருந்தது காம் 3ல். இரண்டுக்கும் ஒரே ஐஆர்க்யூ, 4ஆம் எண். ஐஆர்க்யூ என்பதை, "என்னைக் கவனி" என்று ப்ராசஸரைக் கூப்பிட ஒவ்வொரு கார்டும் இழுக்கிற மணிக்கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபிஎம் பிசியின் வழிவந்த பழைய ஐஎஸ்ஏ வகை ஸ்லாட்டில் இரண்டு கார்டுகள் ஒரே கயிற்றை நம்பியிருக்க முடியாது. பயாஸில், அதாவது கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராமில், காம் 2ஐ அணைத்துவிட்டு, மோடத்தின் ஜம்பரை (கார்டின் அமைப்பை மாற்ற முள்கள் மேல் மாட்டும் குட்டி இணைப்பு) பிடுங்கி காம் 2 இடத்தில் செருகினோம். அப்புறம்தான் இரண்டும் ஒன்றாக ஓடின.

கம்ப்யூட்டர் என்றால் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து ஆப்பிள் 2 கம்ப்யூட்டரைப் பற்றிப் படித்தபோது ஆடிப்போய்விட்டேன். 1977லேயே அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்.

ஆப்பிள் 2ல் 8 ஸ்லாட்டுகள், 0 முதல் 7 வரை. ஸ்டீவ் ஜாப்ஸ் இரண்டு போதும் என்றார், பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று. வாஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை. 8 ஸ்லாட் கதை பலருக்கும் தெரியும். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதன் உள்ளே அவர் செய்த வேலை. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் மதர்போர்டிலேயே தனி முகவரிகள், அதாவது ப்ராசஸர் அதைக் கூப்பிடுவதற்கான எண்கள், ஒதுக்கிவிட்டார். 6ஆம் ஸ்லாட்டின் முகவரியை ப்ராசஸர் தொட்டால், 6ஆம் ஸ்லாட்டுக்கு மட்டும் போகிற தனி வயரில் சிக்னல் வரும். "இது என் முகவரியா?" என்று கார்டு யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த வேலையைச் செய்யும் சிப்புகள் கார்டில் தேவைப்படவில்லை. ஜம்பரும் தேவையில்லை. எந்த ஸ்லாட்டில் செருகுகிறோமோ, அதுதான் அதன் முகவரி.

அதோடு 0ஆம் ஸ்லாட்டைத் தவிர மற்ற ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 256 பைட் அளவில் ஒரு ரோம், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம், வைத்துக்கொள்ள இடம் கொடுத்தார். கார்டை இயக்கும் புரோகிராம் கார்டிலேயே வந்துவிடும். 1978ல் வந்த டிஸ்க் 2 டிரைவின் கார்டில், பிளாப்பியிலிருந்து பூட் செய்யும் புரோகிராம் முழுவதும் அந்த 256 பைட்டுக்குள் அடங்கியது. 1980ல் மைக்ரோசாஃப்ட் ஒரு கார்டு கொண்டுவந்தது. அதில் இருந்தது இன்னொரு ப்ராசஸர், இசட்80. அதைச் செருகினால் ஆப்பிளிலேயே சிபி/எம் என்ற வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புரோகிராம்கள் ஓடும். 1977ல் பெட்டியை வடிவமைத்தவர் இப்படி ஒரு கார்டு வரும் என்று எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. இடம் விட்டிருந்தார், அது போதுமாக இருந்தது.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசி வந்தபோது இந்த வசதி அதில் இல்லை. 5 ஸ்லாட்டுகள், எல்லாவற்றுக்கும் ஒரே பொது வயர்கள். முகவரியைக் கார்டுதான் தானாகக் கண்டுகொள்ள வேண்டும், அதனால்தான் அத்தனை ஜம்பர்கள். ஆனால் ஐபிஎம் ஒரு பெரிய நல்ல காரியமும் செய்தது. சர்க்யூட் வரைபடங்களையும் பயாஸ் புரோகிராமையும் புத்தகமாகவே வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் கார்டு செய்யலாம் என்றாகிவிட்டது. கார்டுகள் குவிந்தன. கூடவே என் மவுஸ், மோடம் சண்டை போன்றவையும் குவிந்தன.

1987ல் ஐபிஎம்மே மைக்ரோ சேனல் என்ற புது ஸ்லாட்டில் ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து இதைச் சரிசெய்யப் பார்த்தது. தொழில்நுட்பம் அருமையானது. ஆனால் பழைய கார்டு எதுவும் அதில் பொருந்தாது, மற்ற கம்பெனிகள் செய்ய வேண்டுமென்றால் உரிமத் தொகை கட்ட வேண்டும். காம்பேக் உட்பட 9 கம்பெனிகள் சேர்ந்து தனி வழியில் போய்விட்டன.

முழுத் தீர்வு 1992ல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ என்ற ஸ்லாட். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிசிஐ ஸ்லாட் ஒவ்வொன்றுக்கும், அடையாளம் கேட்பதற்கென்றே ஒரு தனி வயர் இருக்கிறது. அதே ஆப்பிள் 2 யோசனை, 15 வருடம் கழித்து! அந்த வயர் வழியாக பயாஸ் கேட்டால், கார்டு தன்னிடமுள்ள 256 பைட் பட்டியலைக் காட்டும். முதல் 2 பைட் தயாரித்த கம்பெனியின் எண், அடுத்த 2 பைட் கார்டின் எண். ஸ்லாட் காலி என்றால் எல்லா பிட்டும் 1 என்று வரும்.

எவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்று கேட்கும் விதம் அதைவிட அழகு. கார்டில் ஒரு 32 பிட் ரெஜிஸ்டர், அதாவது ஓர் எண்ணை எழுதிவைக்கும் சின்ன இடம், இருக்கும். பயாஸ் அதில் எல்லா பிட்டிலும் 1 எழுதிவிட்டுத் திருப்பிப் படிக்கும். 4096 பைட் வேண்டிய கார்டு, கடைசி 12 பிட்டை மாற்ற விடாது. 2ஐ 12 தடவை பெருக்கினால் 4096. கேள்விக்கும் பதிலுக்கும் ஒரே ரெஜிஸ்டர்! பிறகு எந்தக் கார்டும் இன்னொன்றோடு மோதாதபடி பயாஸ் முகவரிகளைப் பிரித்து, அதே ரெஜிஸ்டரில் எழுதிவிடும். மணிக்கயிற்றையும் கார்டுகள் பகிர்ந்துகொள்ளலாம். முதல் தடவை இதைப் படித்து முடித்தபோது திருச்சிக் கடையில் போன அந்த இரண்டு நாள்தான் ஞாபகம் வந்தது.

இன்றைய கிராபிக்ஸ் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸில் வயர்கள் முற்றிலும் வேறு, கேள்வி கேட்கும் முறை அதேதான். அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் வடோதராவில் படித்த அஜய் பட். யுஎஸ்பியிலும் அவர் பங்கு பெரியது. யுஎஸ்பியில் நீங்கள் செருகும் பென் டிரைவும் முதலில் தன் கம்பெனி எண்ணையும் பொருள் எண்ணையும்தான் சொல்கிறது.

உங்கள் கணினியிலேயே இதைப் பார்க்கலாம். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டீடெயில்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனிக்கான நான்கு இலக்கம் தெரியும். இன்டெல் என்றால் அது 8086. தங்களுடைய 1978ஆம் வருடத்து ப்ராசஸரின் பெயரையே அடையாள எண்ணாக வாங்கி வைத்திருக்கிறார்கள்.