மழை மந்திரம் இலவசமானால் குத்தகை குறையுமா?

மன்னார்குடி வாசகி: நான் எழுதும் மாயக்கதையில் மழை மந்திரத்தை யார் வேண்டுமானாலும் கற்கலாம். அப்படியென்றால் மிராசுதார், கூலியாள் என்ற பேதம் தானே ஒழிந்துவிடும் அல்லவா?

ஒழியாது. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதை மந்திரம் சும்மா கொட்டினால் ஒருபோக நிலம் இருபோகமாகும். கூடுதல் நெல் யாருக்கு? விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரத்துக்கு விட்ட நிலமானால் இருவருக்கும் பங்கு. நிலையான குத்தகையென்றால் பேசிய கெடு வரை உழுதவருக்கு மிச்சம். கெடு முடிந்ததும், "ரெண்டு போகம் எடுக்கிறியே" என்று மிராசுதார் குத்தகையை ஏற்றுவார். தண்ணீர் பொதுவானால் தட்டுப்பாடு நிலத்துக்கு மாறும், அவ்வளவுதான். மேட்டூர் அணை 1934லேயே வந்துவிட்டது. தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. உங்கள் ராஜ்யத்தில் குத்தகைக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டம் உண்டா?

மழையைவிட நடவு மந்திரம்தான் வில்லங்கம். கை நடவுக்கு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு நாள் இறங்க வேண்டும். மந்திரம் பண்ணை வீட்டுப் பிள்ளையிடம் இருந்தால் அத்தனை கூலியும் போச்சு. நடவுப் பெண்களிடமே இருந்தால், ஏக்கருக்கு இவ்வளவு என்று அவர்களே மொத்தமாகக் கூலி பேசுவார்கள். மந்திரம் ஒன்றுதான், கதை தலைகீழ்.

'யார் வேண்டுமானாலும்' என்கிறீர்களே, படிப்பு எத்தனை வருஷம்? ஏழு என்றால் ஏழு வருஷக் கூலி இழப்பு. குருகுலத்தில் சாப்பாடு போடாவிட்டால் கூலியாள் வீட்டுப் பிள்ளை இரண்டாம் மாதமே களை பறிக்கத் திரும்பிவிடும்.

வேதாரண்யம் வாசகர்: மந்திரம் பிறப்பிலேயே வருவதாக வைத்தால்?

பரம்பரையாக வந்தால் மந்திரக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே சம்பந்தம் செய்யும்; கல்யாணச் சந்தையிலேயே மற்றவர்களுக்குக் கதவு அடைபடும். இது எல்லோரும் எழுதுவதுதான். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு, எந்த வீட்டிலும் வரலாம் என்று வையுங்கள். பெரிய பண்ணை அந்தப் பெற்றோருக்கு முன்பணம் கொடுக்கும். கடன் தீரும்வரை பிள்ளை பண்ணையில். வட்டியைச் சரியாக வைத்தால் கடன் தீரவே தீராது.

திருத்துறைப்பூண்டி வாசகர்: வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரன் தனக்கு வேண்டிய மழையைத் தானே வரவழைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

வாய்க்காலின் மேல்பகுதியில் இருக்கும் மேல்மடைக்காரருக்கு நஷ்டம். புரட்டாசியில் கடைமடையில் நேரடி விதைப்புச் சம்பா மழைக்கு ஏங்கும். அதே சமயம் மேலே குறுவை அறுவடை. மழை வயல் வரப்பு பார்த்தா பெய்யும்? ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல் தேங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே பெய்வித்தால் வடிகிற தண்ணீர் முழுக்க உங்கள் தலையில். ஆகவே முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் போல முறைமழை வந்தே தீரும். அப்போது அதிகாரம் மந்திரக்காரரிடம் இருக்காது, தேதி குறிப்பவரிடம் போய்விடும்; மதகுச் சாவி வைத்திருக்கும் லஸ்கரை ஊரே தேடுவதில்லையா? அவரை நியமிப்பது யார், சம்பளம் எந்தக் கஜானாவிலிருந்து வருகிறது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.