நாலு பலகை, ஒரே கூட்டல்

கேள்வி: பள்ளி செஸ் அணியைப் பற்றிய ‘கிரிட்டிகல் திங்கிங்’ படம் பார்த்தேன். உண்மைக் கதை என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். மயாமி ஜாக்சன் உயர்நிலைப் பள்ளிப் பையன்கள் 1998ல் அமெரிக்க தேசியப் பட்டத்தை ஜெயித்தார்கள். பயிற்சி கொடுத்தவர் மாரியோ மார்ட்டினெஸ் என்ற ஆசிரியர். அவராக நடித்த ஜான் லெக்விசாமோவே படத்தையும் இயக்கினார். 2020 மார்ச்சில் ஆஸ்டின் நகரத் திரைவிழாவில் முதல் காட்சி நடக்க வேண்டியது. கொரோனாவில் விழாவே ரத்தாகி, படம் செப்டம்பரில்தான் வெளிவந்தது. பெரிய ஸ்டுடியோ துணையில்லாத படத்துக்கு விழாதானே விளம்பரம், பாவம்.

கேள்வி: செஸ் ஆடுவது தனி ஆள். இதில் ‘அணி’ எங்கிருந்து வந்தது?

பதில்: நல்ல கேள்வி. நாடுகள் மோதும் செஸ் ஒலிம்பியாடில் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்து எதிரணியின் நாலு பேரோடு மோதுவார்கள். அமெரிக்கப் பள்ளிப் போட்டியில் கதை வேறு. ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகத்தான் ஆடுவார். கடைசியில் ஒரு பள்ளியில் அதிகப் புள்ளி எடுத்த நாலு பேரின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். ஏழு சுற்று என்றால் ஓர் அணிக்கு 28 புள்ளிதான் உச்சம். உங்கள் கூட்டாளி நாலு வரிசை தள்ளி, யாரோடோ போராடிக்கொண்டிருப்பார். நீங்கள் எட்டிப் பார்க்கலாம், வாயைத் திறக்க முடியாது.

நான் சில வருடங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் போட்டிகளுக்குக் கூட்டிப் போனவன். ஒருமுறை கடைசிச் சுற்றில் எங்கள் மூன்று பேரும் முடித்துவிட்டார்கள். மிச்சம் ஒரே பெண். அவள் டிரா எடுத்தால் கோப்பை எங்களுக்கு. எதிராளி டிரா கேட்டான். அவள் பலகையைப் பார்த்தாள், தலையை ஆட்டி மறுத்தாள். அணியின் கூட்டுப் புள்ளி எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், சொல்ல வழியில்லை. நாற்பது நிமிடம் கழித்துத் தோற்றாள். பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்தும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மற்ற மூன்று பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. பள்ளி செஸ்ஸைப் படமாக எடுப்பவர்கள் ஆடுபவரின் முகத்தையே காட்டுகிறார்கள். அணி என்பது ஆடி முடித்தவர்களின் முகத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

கேள்வி: எனக்குக் குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாது. படம் புரியுமா?

பதில்: தாராளமாக. பையன்களின் வீடுகளும் தெருவும்தான் பாதிப் படம். செட்ரிக் என்ற பையனின் கடுகடுப்பான அப்பாவாக மைக்கேல் கே. வில்லியம்ஸ் வருகிறார். 2021ல் காலமாகிவிட்ட நல்ல நடிகர், அவருக்காகவே பார்க்கலாம். கெட்ட வார்த்தையும் வன்முறையும் உண்டு, சின்னக் குழந்தைகளோடு உட்கார வேண்டாம்.

கேள்வி: நாங்கள் கல்லூரியில் இதே மாதிரி ஒரு குறும்படம் எடுக்கப்போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் பலகையைச் சரியாக வையுங்கள். ஆடுபவரின் வலது கை ஓரக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். பெரிய படங்களிலேயே இதில் கோட்டை விட்டிருக்கிறார்கள். காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். ‘செக்மேட்!’ என்று யாரும் கத்த வேண்டாம், ராஜாவை விரலால் தட்டிச் சாய்க்கவும் வேண்டாம். நிஜத்தில் பெரும்பாலும் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டுவார்கள், அவ்வளவுதான். அப்புறம், தோற்ற பையன் உடனே எழுந்து ஓட மாட்டான். காய்களைப் பழையபடி அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுவான், தன் ராஜாவையும் சேர்த்து. எடிட்டிங்கில் அந்த ஷாட்டை வெட்டிவிடாதீர்கள்.