இன்சுலினும் இன்ஹேலரும் உடன் வரும்போது: கடற்கரைக்குப் பையை எப்படி அடுக்குவது?

கேள்வி: குடும்பத்துடன் காலை முதல் மாலை வரை கடற்கரையில் கழிக்கத் திட்டமிட்டிருக்கிறோம். என் கணவருக்கு வயது 54. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் இன்சுலின் பேனா பயன்படுத்துகிறார். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். பாதங்கள் அவ்வப்போது மரத்துப்போவதாகச் சொல்கிறார். எட்டு வயது மகளுக்கு ஆஸ்துமா உண்டு. என் தங்கையின் ஐந்து மாதக் குழந்தையும் உடன் வருகிறது. பையில் என்னென்ன வைக்க வேண்டும்? மருந்துகள் வெயிலில் கெட்டுவிடுமா?

மருத்துவர் பதில்: கெடும். அதனால் எதையெல்லாம் எடுத்துச் செல்கிறீர்கள் என்பதைப் போலவே, எது பையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் திணித்து வெயில் படும் மணலில் வைத்துவிட்டால், கவனமாகத் தேர்ந்து எடுத்துச் சென்ற மருந்துகூட மதியத்துக்குள் வீரியம் இழக்கலாம். மருந்துகளுக்கென்று சிறிய பை ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். அது எப்போதும் நிழலில், பெரியவர் ஒருவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் இன்சுலின். பயன்படுத்தத் தொடங்கிவிட்ட பேனாவைப் பெரும்பாலான வகைகளில் 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத வெப்பநிலையில் சுமார் 4 வாரங்கள் வரை வைத்துக்கொள்ளலாம். இந்த வரம்பு வகைக்கு வகை மாறும் என்பதால் உங்கள் கணவரின் மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்புத்தாளை ஒருமுறை படித்துவிடுங்கள். வெயிலில் கிடக்கும் பையும், கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய காரின் உட்புறமும் இந்த வரம்பை மிக விரைவில் தாண்டிவிடும் என்பதால், பேனாவைக் காரில் விட்டுவிட்டு இறங்க வேண்டாம். வெப்பத்துக்குப் பயந்து ஐஸ் பேக்கோடு ஒட்டி வைப்பதும் அதே அளவுக்குத் தவறு. ஒருமுறை உறைந்த இன்சுலின் மீண்டும் உருகிப் பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் அதை நம்பிப் போட்டுக்கொள்ளக் கூடாது. தூக்கி எறிந்துவிட வேண்டும். தெர்மல் பையின் அடியில் ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி வைத்து, அதன்மேல் மடித்த துணி ஒன்றைப் பரப்பி, அதற்கும் மேலே பேனாவை வையுங்கள். தண்ணீரில் நனைத்தால் குளிர்ச்சி தரும் உறைகள் நீர் ஆவியாவதால் வேலை செய்பவை. ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் அவற்றின் பயன் குறைந்துவிடும் என்பதால் அவற்றை மட்டுமே நம்பிச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, இயல்பாகவே பால்போல் இருக்கும் வகையில் கட்டிகள் தெரிந்தாலோ அதைப் பயன்படுத்த வேண்டாம். உபரியாக ஒரு பேனாவும், பயன்படுத்திய ஊசிகளைப் போட இறுக்கமான மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவும் அவசியம். மணலில் விழுந்த ஊசி வெறுங்காலோடு ஓடும் குழந்தையின் காலில்தான் ஏறும்.

நான் அதிகம் கவலைப்படுவது தாழ்சர்க்கரையைப் பற்றி, அதாவது இரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடுவதைப் பற்றி. வெப்பத்தில் தோலுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உடலில் கலக்கிறது. மணலில் நடப்பதும் நீந்துவதும் சர்க்கரையை இன்னும் இறக்குகின்றன. வியர்வை, நடுக்கம், களைப்பு, சிடுசிடுப்பு ஆகிய அறிகுறிகளை 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்' என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து. அப்படி இருக்கும்போது உடனே சோதித்துப் பாருங்கள். சோதிக்க வழியில்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே கருதிச் செயல்படுங்கள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளூக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இதற்குக் குளூக்கோஸ் மாத்திரையோ பொடியோதான் ஏற்றது. சாக்லேட் உருகிவிடும், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதையும் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பழம் தின்ற விரலில் ஒட்டியிருக்கும் சாறு, சர்க்கரை அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும் என்பதால், சோதிப்பதற்கு முன் விரலை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு சிறிய பாட்டில் தண்ணீரையும் சுத்தமான கைத்துண்டையும் குளூக்கோமீட்டருடன் சேர்த்து வைத்துவிடுங்கள். கடலில் இறங்குவதற்கு முன்பும் ஒருமுறை சோதிப்பது நல்லது. அவர் தனியாக நீந்தவே கூடாது.

பாதம் மரத்துப்போகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. உணர்வு குறைந்த பாதம் மணலின் சூட்டை உணராது. கொப்புளம் வந்த பிறகும் வலி தெரியாமல் நடந்துகொண்டே இருப்பார்கள். மணலில் மட்டுமல்ல, தண்ணீருக்குள்ளும் கழன்றுவிடாத காலணி வேண்டும். கிளிஞ்சலோ கண்ணாடித் துண்டோ குத்தினாலும் அவருக்குத் தெரியாது. காலணிக்குள் புகும் மணல் தோலை உரசிப் புண்ணாக்கும் என்பதால் அவ்வப்போது உதறிப் போட வேண்டும். கிளம்புவதற்கு முன் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரல் இடுக்கு வரை நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். சிறு கீறல் இருந்தாலும் கிருமி நீக்கிய துணியால் கட்டு போட்டு, மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தில் ஏற்கெனவே ஆறாத புண் இருந்தால் அவர் கடல் நீரில் இறங்காமல் இருப்பதே சரி.

இரத்த அழுத்த மாத்திரையைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். அது சிறுநீரை அதிகப்படுத்தும் வகையாக இருந்தால் நீரிழப்பு சீக்கிரம் வரும். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்றவை தோலை வெயிலுக்கு எளிதில் பாதிக்கப்படும்படியும் ஆக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் உடலிலிருந்து நீரை வெளியேற்றுபவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். போவதற்கு முன் அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றிரண்டு பையில் இருக்கலாம். ஆனால் அதில் உப்பும் சர்க்கரையும் இருப்பதால் வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற நிலைக்கே உரியது, தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுவதும் பருகுவதற்கல்ல.

மகளின் இன்ஹேலர் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட குப்பி; 50 டிகிரிக்கு மேல் சூடானால் வெடிக்கக்கூடும். அதிகக் குளிரில் வெளிவரும் மருந்தின் அளவு குறையலாம் என்பதால் ஐஸ் பேக்கின் அருகிலும் வேண்டாம். மருந்துப் பையின் வெளி அறையில் இருக்கட்டும். மூடியைத் திறந்தபடி பையில் போட்டால் வாய்ப்பகுதிக்குள் மணல் புகுந்து, மூச்சை இழுக்கும்போது மருந்தோடு அதுவும் உள்ளே போகும். இன்ஹேலரையும் அதோடு பொருத்தும் குழாயான ஸ்பேசரையும் தனித்தனி ஜிப் உறையில் போட்டு, ஒவ்வொரு முறையும் உள்ளே பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம்; ஆறு மாதம் வரை நிழலும், கைகால்களை மூடும் மெல்லிய பருத்தி உடையும், அகன்ற விளிம்புத் தொப்பியும்தான் பாதுகாப்பு. குடை விரித்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது; உலர்ந்த கடற்கரை மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 சதவீதத்தையும் கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதால், நிழலுக்குள்ளும் வெயில் பக்கவாட்டில் வந்து சேரும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை குழந்தையை மணலில் வைத்திருக்காமல், அருகில் கட்டட நிழல் கிடைக்கும் இடத்தைத் தேடுவது நல்லது. தண்ணீர் கொடுக்கத் தேவையில்லை. பாலை மட்டும் அடிக்கடி கொடுத்தால் போதும்.

மற்றவர்களுக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள, தண்ணீரில் எளிதில் கரையாத சன்ஸ்கிரீனை எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலோர் தேவையான அளவில் பாதிகூடப் பூசுவதில்லை. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதற்கும் ஒருமுறைக்குச் சுமார் 30 மில்லி தேவை. வெளியே செல்வதற்கு 15 நிமிடங்களுக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீந்தித் துவட்டிய பிறகும் மீண்டும் பூச வேண்டும். காது மடல், பின்கழுத்து, பாதத்தின் மேற்புறம் ஆகியவை வழக்கமாக விடுபட்டுப் போகும் இடங்கள். எளிதில் கெடும் உணவை அந்தச் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருந்தால் சாப்பிட வேண்டாம்.

ஜெல்லி மீன் பட்டுவிட்டால் தேய்க்காமல், மணலைப் பூசாமல், கடல் நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளைச் சாமணத்தால் எடுக்க வேண்டும். மூச்சுத்திணறலோ பரவலான வீக்கமோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெயிலில் இருந்தவர் குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் கொதித்தாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும் வரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். உங்கள் கணவராக இருந்தால் சர்க்கரையையும் உடனே சோதித்துவிடுங்கள்.

கணவரும் மகளும் எடுக்கும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை விவரம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நீர் புகாத உறையில் போட்டு மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள். நீங்கள் தண்ணீரில் இருக்கும் நேரத்தில் அந்தப் பை யார் பொறுப்பில் இருக்கும் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். குளூக்கோஸ் எங்கே இருக்கிறது, இன்ஹேலரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை உங்கள் தங்கைக்கும் காட்டிக் கொடுத்துவிடுங்கள்.