முடித்த புத்தகத்தைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி – பதில்

*அடுத்து எதைப் படிப்பது என்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.*

கேள்வி: ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்றைத் தூக்கம் கெட்டுப் படித்து முடித்தேன். அதே ருசி வேண்டுமென்று மூன்று சரித்திர நாவல்கள் வாங்கினேன். எதிலும் எண்பது பக்கம் தாண்ட முடியவில்லை. புத்தகங்கள் மோசமா, எனக்கு அலுத்துவிட்டதா?

இரண்டும் இல்லை. ‘சரித்திர நாவல்’ என்ற பெயர்ப்பலகையை நம்பி வாங்கியிருக்கிறீர்கள். அது கதை எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதைச் சொல்லும். உங்களைத் தூங்கவிடாமல் செய்தது எது என்பதைச் சொல்லாது.

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல், வாசகர் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, மாந்தர், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஒன்றோ இரண்டோதான் அகலத் திறந்திருக்கும். நீங்கள் எந்த வாசல் வழியாகப் போனீர்கள் என்று கண்டுபிடிப்பது எளிது. முடித்த நாவலைப் புரட்டாமல், நினைவுக்கு வரும் முதல் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு இரண்டு கேள்விகள். முடிவை யாராவது முன்பே சொல்லியிருந்தாலும் படித்திருப்பீர்களா? ‘ஆமாம்’ என்றால் உங்களை இழுத்தது கதை அல்ல. எந்தப் பகுதிகளைத் தாவிப் படித்தீர்கள்? வர்ணனையைத் தாவியிருந்தால் களம் உங்கள் வாசல் அல்ல. போர்க்களத்தைத் தாவி, அரண்மனைப் பேச்சுகளை வரிவரியாகப் படித்திருந்தால் நீங்கள் மாந்தர் பக்கம்.

இனி அடுத்த புத்தகம். கதை வாசல்காரர் சரித்திரத்தை விட்டுவிட்டு உளவு நாவலுக்கோ நீதிமன்ற நாவலுக்கோ போகலாம். கப்பல் விபத்து, மலையேற்ற விபத்து, ஒரு மோசடி அம்பலமான விதம் போன்ற நிஜ நிகழ்வுகளை நாள்வாரியாகச் சொல்லும் அபுனைவும் இவருக்குச் சரியாக வரும். மாந்தர் வாசல்காரருக்கு வாழ்க்கை வரலாறு, கடிதத் தொகுப்பு, மூன்று தலைமுறைக் குடும்ப நாவல். களம் வாசல்காரருக்குத் தொல்லியல் நூல், பயண நூல், சமூக வரலாறு எல்லாம் பிடிக்கும். எதிர்காலக் கிரகம் ஒன்றை மண்ணும் தண்ணீருமாகக் கட்டியெழுப்பும் அறிவியல் புனைகதையும் இவருக்கு வியப்பூட்டும் அளவுக்குப் பிடித்துப்போகும். மொழிக்காகப் படித்தவர் மட்டும் வகையையே பார்க்க வேண்டாம். கவிஞர்கள் எழுதிய உரைநடை, நல்ல கட்டுரைத் தொகுப்பு என்று எழுத்தாளரை வைத்துத் தேடட்டும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. முதல் அத்தியாயத்தைப் படித்து முடிவு செய்யாதீர்கள். எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் அதிகம் செதுக்குவது அதைத்தான். மூன்றில் ஒரு பங்கு தாண்டி எங்காவது திறந்து எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டைப் படியுங்கள். 420 பக்க நாவல் என்றால் 140ஆம் பக்கத்தையொட்டி. அந்த இரண்டு பக்கத்தில் பேச்சு எவ்வளவு, நிகழ்வு எவ்வளவு, வர்ணனை எவ்வளவு என்று பாருங்கள். முழுப் பக்கமும் கோட்டையின் கொத்தளங்களாகவே இருந்து, நீங்கள் வர்ணனையைத் தாவுகிறவர் என்றால், பின்னட்டை என்ன சொன்னாலும் வைத்துவிடலாம்.

கேள்வி: பிடிக்காத புத்தகத்தை எத்தனை பக்கத்தில் கைவிடலாம்? பாதியில் விட்டால் குற்ற உணர்வாக இருக்கிறது.

மேலே சொன்ன நான்சி பேர்லின் கணக்கே இதற்கும் உண்டு. ஐம்பது வயது வரை, 50 பக்கம். ஐம்பதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்துக்கொள்ளலாம். 68 வயது என்றால் 32 பக்கம் போதும். வயது கூடக் கூடப் பொறுமைக்கு விலக்கு!

இதை அப்படியே கடைப்பிடித்தால் ஓர் இடத்தில் இடிக்கும். பெரிய குடும்ப நாவல்களில் முதல் 50 பக்கத்தில் பதினைந்து பெயர்கள் வந்துவிடும். ‘பிடிக்கவில்லை’ என்று வைத்துவிடுகிறவர்கள் பல சமயம் யார் யாருக்கு என்ன உறவு என்று தொலைந்துபோனவர்களே. புத்தகக் குறியாகப் பயன்படும் ஓர் அட்டையில் பெயர், உறவு, முதலில் வந்த பக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மறுபடி முயலுங்கள். ஒரு பெயர் இரண்டாம் முறை வரும்போது அட்டையைப் பார்க்கத் தேவையில்லாமல் போனால் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் இழுக்கவில்லையா, தாராளமாக விடுங்கள்.

அபுனைவுக்கு இந்தப் பக்கக் கணக்கே பொருந்தாது. அங்கே பொருளடக்கத்தைப் பார்த்துத் தேவையான மூன்று அத்தியாயங்களை மட்டும் படித்தாலும் அது முறையான வாசிப்புதான்.

கேள்வி: இருபது வருடமாக நாவல் மட்டும்தான். அபுனைவு எடுத்தால் இருபதாவது பக்கத்தில் கண் சொக்குகிறது. எதில் தொடங்கலாம்?

நாவல் வாசகரை அபுனைவில் தூங்கவைப்பது பொருள் அல்ல, அமைப்பு. நாவலில் காலம் நகரும், ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கும், அது கிடைக்குமா என்று நாம் காத்திருப்போம். வாதமாக எழுதப்பட்ட நூலில் இது எதுவும் இருக்காது. கருத்து, சான்று, மறுப்பு, மறுபடி கருத்து. ஆகவே முதல் நான்கைந்து நூல்களைக் காலவரிசையில் நகரும் நூல்களாகப் பாருங்கள். ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடித்த கதை, ஒரு பஞ்சத்தின் வரலாறு, ஒரு வழக்கு, ஒரு தன்வரலாறு.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பொருளடக்கத்தைப் படியுங்கள். அத்தியாயத் தலைப்புகளில் ஆண்டுகளும் ஊர்களும் ஆட்களும் இருந்தால் கதைபோல நகரும். ‘கோட்பாடுகள்’, ‘அணுகுமுறைகள்’, ‘பரிமாணங்கள்’ என்று இருந்தால் அது இப்போதைக்கு வேண்டாம். அடுத்து, முன்னுரையின் கடைசி இரண்டு பக்கங்கள். நூல் என்ன சொல்லப்போகிறது என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு கடைசியில் பொருளடைவும் (எந்தப் பெயர், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற அகரவரிசைப் பட்டியல்) குறிப்புகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வரலாறு பேசும் 400 பக்க நூலில் ஒரு சான்றுக் குறிப்புகூட இல்லை என்றால், சுவாரசியமாக இருக்கலாம், ஆனால் அதைச் சரிபார்க்க வழியில்லை.

இன்னொரு வழி, பிடித்த நாவலோடு ஜோடி சேர்ப்பது. நாவலில் ஒரு கப்பல் துறைமுகம் வந்ததா? அந்தக் காலக் கடல் வணிகம் பற்றி ஒரு நூல். மருத்துவர் பாத்திரம் பிடித்ததா? மருத்துவர் ஒருவரின் தன்வரலாறு. நாவலை முதலில் படிப்பது நல்லது. வரலாற்றை முன்பே படித்துவிட்டு வருகிறவர்கள் நாவலில் பிழை பொறுக்குவதிலேயே பாதி நேரத்தைச் செலவிடுவார்கள்.

கேள்வி: நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகம் மிகவும் பிடித்தது. அதே மாதிரி இன்னொன்றை எப்படித் தேடுவது?

அபுனைவு என்றால் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் அது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் இருக்கும். 500 அறிவியல், 900 வரலாறும் புவியியலும். அதே எண்ணுக்கு இடமும் வலமும் இருப்பவை உறவுக்காரப் புத்தகங்கள். ஒரே பொருள் இரண்டு இடத்தில் பிரிந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ரயில் போக்குவரத்து 385இல், ரயில்பாதைப் பொறியியல் 625இல். ஓர் அலமாரியோடு திரும்பினால் பாதியைத் தவறவிடுவீர்கள்.

எண்ணைவிட நல்ல வழிகாட்டி நூலின் கடைசியிலேயே இருக்கிறது: துணைநூல் பட்டியல். அதில் எல்லாவற்றையும் தேட வேண்டாம். குறிப்புகளில் எந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்று பாருங்கள். ஆசிரியர் யாருடன் சண்டை போடுகிறாரோ அவருடைய நூலைத்தான் அடுத்து எடுக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

நாவலுக்கு இந்த உத்தி உதவாது. நூலகங்களில் நாவல்கள் பெரும்பாலும் ஆசிரியர் பெயர் வரிசையில் இருக்கும். பக்கத்தில் இருப்பது அகரவரிசைப் பக்கத்துவீடு, அவ்வளவே. நூலகரிடம் கேளுங்கள். ‘நல்ல நாவல் இருக்கிறதா’ என்று கேட்டால் புதிதாக வந்தது எதையாவது நீட்டுவார். ‘இதைப் படித்தேன், இதில் அக்கா தங்கை உறவு பிடித்தது, கிராமத்து வர்ணனை நீளமாகப் பட்டது’ என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் 4.5 நட்சத்திரம் பார்த்து வாங்குகிறேன். பாதிக்குப் பாதி ஏமாற்றம்.

சராசரியைப் பார்க்காதீர்கள். ஐந்து நட்சத்திர விமர்சனம் ‘அருமை’ என்று முடிந்துவிடும், ஒற்றை நட்சத்திரத்தில் பாதி, பார்சல் கிழிந்து வந்த புகார். இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள்தான் காரணம் எழுதுவார்கள். அந்தக் காரணத்தை உங்கள் ரசனையோடு ஒட்டிப் பாருங்கள். ‘கதை மெதுவாக நகர்கிறது, ஊரைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்ற குறை, களம் வாசல்காரருக்குச் சிபாரிசு.

கேள்வி: உளவியல், சுயமுன்னேற்ற நூல்களில் எதை நம்பலாம்?

முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து ஆண்டைப் பாருங்கள். ‘பத்தாம் அச்சு, 2024’ என்றால் உள்ளடக்கம் புதிது என்று அர்த்தமில்லை. பழைய நூலையே மறுபடி அச்சடித்தது அது. ‘திருத்திய பதிப்பு’ என்று இருந்தால்தான் உள்ளே கைவைத்திருக்க வாய்ப்பு உண்டு.

உளவியலில் ஆண்டு ஏன் முக்கியம் என்றால், 2015இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு பெரிய கூட்டாய்வு வந்தது. வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத, முடிவு காட்டியவை. மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படிக் கிடைத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட நூல் ஒரே ஒரு சோதனையை வைத்துக்கொண்டு வாழ்க்கையையே மாற்றலாம் என்று சொன்னால் அந்த அத்தியாயத்தை ஐயத்தோடு படியுங்கள்.

மற்ற அறிவியலிலும் இது உண்டு. சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் என்று இருந்தால் அந்தப் பக்கம் 2006 ஆகஸ்டில் புளூட்டோ குறுங்கோள் ஆவதற்கு முன் எழுதியது. அதற்காக அந்த நூலே வீண் என்று ஆகாது. வானியல் வளர்ந்த கதையைச் சொல்லும் பகுதிகளுக்கு வயதாவதில்லை.

கேள்வி: தொடர் நாவல்களை எழுதிய வரிசையில் படிப்பதா, கதைக்கால வரிசையிலா?

பொதுவாக எழுதிய வரிசை. வாசகருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் போட்டே ஆசிரியர் அடுத்ததை எழுதுகிறார். விலக்கும் உண்டு. கல்கி முதலில் எழுதியது ‘பார்த்திபன் கனவு’, பிறகுதான் ‘சிவகாமியின் சபதம்’. ஆனால் பின்னதன் கதை முன்னதற்குச் சில காலம் முந்தியது. எழுதிய வரிசையில் போனால் சிவகாமியின் கதை எங்கே போய் நிற்கும் என்பது முன்பே தெரிந்துவிடும். முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர் சிவகாமியில் தொடங்கட்டும்.

துப்பறியும் தொடர்களில் வழக்குக்கு வழக்கு தனி என்றால் இரண்டாவது, மூன்றாவது புத்தகத்தில் தொடங்கலாம். துப்பறிவாளரின் குடும்ப வாழ்க்கையும் கூடவே வளர்கிறது என்றால் முதலிலிருந்து.

கேள்வி: மொழிபெயர்ப்பு நாவல் வாங்கும்போது கவனிக்க வேண்டியது?

சுருக்கமா, முழுமையா என்று. மூலம் எண்ணூறு பக்கமாக இருக்க, கையில் இருப்பது இருநூறு என்றால் அட்டையில் சொல்லாவிட்டாலும் அது சுருக்கம்தான். மொழிபெயர்ப்பாளர் பெயரே இல்லாத பதிப்பைத் தவிருங்கள். பிறகு உரையாடல் வரும் ஒரு பக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் முந்நூறு பக்கமும் தடுக்கும்.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் படிக்கலாமா?

படிக்கலாம். இரண்டும் நாவலாக இருந்தால் பாத்திரங்கள் குழம்பும். காலையில் அபுனைவு, இரவில் புனைவு என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டால் போதும். சிறுகதைத் தொகுப்பு எதனோடும் ஒத்துப்போகும்.

கேள்வி: படிக்காத புத்தகங்கள் வீட்டில் அறுபது. எதை எடுப்பது என்று தெரியாமல் மொபைலை நோண்டிவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். கடிகாரம் வைத்துப் பத்துப் பக்கம் படியுங்கள். 18 நிமிடம் ஆனால் 300 பக்க நூலுக்கு 9 மணி நேரம். தினமும் அரை மணி என்றால் 18 நாள். அபுனைவுக்குத் தனியாக அளக்க வேண்டும், பெரும்பாலும் அதிக நேரம் பிடிக்கும். இந்தக் கணக்கு தெரியாமல்தான் 900 பக்க நூலை வார விடுமுறைக்கு எடுத்துவைத்துவிட்டுத் திங்கட்கிழமை சோர்ந்துபோகிறோம்.

பிறகு அறுபதில் மூன்றை மட்டும் கண்ணில் படும்படி வையுங்கள். ஒன்று 150 பக்கத்துக்குள் குறுநாவல், ஒன்று கதைபோல நகரும் அபுனைவு, ஒன்று கனமானது. மற்றவை அலமாரிக்குள் போகட்டும். மூளை களைத்த நாளில் கனமானதைத் தொடவே வேண்டாம், குறுநாவல் அதற்குத்தான். வாசிப்பே நின்றுபோய்ப் பல வாரம் ஆகியிருந்தால் புதியது எதுவும் வேண்டாம். முன்பு பிடித்த ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து ஒரு கதை மட்டும் படியுங்கள். மூன்றில் ஒன்றை முடித்ததும் அதே வகையில் இன்னொன்றை அலமாரியிலிருந்து எடுத்து வையுங்கள். மொபைல் அடுத்த அறையில் சார்ஜ் ஆகட்டும்.