உறைந்த மலை ஏரிகள்: கேள்வி பதில்

கே: ஏரி முழுக்க உறைந்தால் மீன் எப்படிப் பிழைக்கும்?

ப: ஆழமான ஏரி அடிவரை உறையாது. 4 டிகிரி நீர்தான் மிகக் கனம். அது அடியில் தங்கும், 0 டிகிரி நீர் மேலே உறையும். மீனைக் கொல்வது பெரும்பாலும் மூச்சுத்திணறல். மேலே மூடி விழுந்துவிட்டது, அடிச்சேற்றிலோ பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கிறது.

கே: பனி குறைந்தால் ஏரிக்கு நல்லதா?

ப: எந்தப் பனி? நீர் உறைந்தது பனிக்கட்டி, வானத்திலிருந்து விழுவது வெண்பனி. கண்ணாடி போன்ற பனிக்கட்டி அரை மீட்டர் இருந்தாலும் வெளிச்சம் இறங்கும். ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் கட்டிக்கு அடியிலேயே டயட்டம் என்னும் நுண்பாசி பெருகுவது அதனால்தான்: வெயில் பட்ட மேல்நீர் 4 டிகிரியை நோக்கி லேசாகச் சூடேறிக் கனமாகி இறங்க, அந்தச் சுழற்சி பாசியை மூழ்கவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. அதே கட்டிமேல் 20 செ.மீ. வெண்பனி கிடந்தால் கீழே ஏறக்குறைய இருட்டு. பாசி ஆக்சிஜன் விடாது. கட்டியின் தடிமனை மட்டும் குறித்து வருவதில் பயனில்லை. மேலே கிடப்பதையும் அளந்து வாருங்கள்.

கே: 3,000 மீட்டர் உயரத்தில், 0 டிகிரி நீரில், ஆக்சிஜன் அளக்கும் மீட்டர் லிட்டருக்கு 10 மி.கி. காட்டுகிறது. நீர் கொள்ளும் ஆக்சிஜன் அட்டவணையில் 14.6. மீட்டர் பழுதா?

ப: இல்லை. அட்டவணை கடல்மட்டத்துக்கானது. உங்கள் உயரத்தில் காற்றழுத்தம் அதில் சுமார் 70 சதவீதம்தான். உங்கள் 10 சரி. வானிலை அறிக்கையின் அழுத்தத்தை மீட்டரில் போடாதீர்கள், அது கடல்மட்டத்துக்குத் திருத்தியது. கட்டியில் துளை போட்டதும் மேல்நீரில் காற்று கலந்திருக்கும். அந்த முதல் அளவை நம்பாதீர்கள். மீட்டரின் முனையை அடிச்சேற்றுக்கு அரை மீட்டர் மேலே நிறுத்தி, எண் நிலைக்கும்வரை காத்திருங்கள். வெளியே எடுத்தால் முனை உறைந்துவிடும், மேல்கோட்டுக்குள் வையுங்கள்.

கே: ஊட்டி ஏரி உறையுமா சார்?

ப: உறையாது. கரைப்புல்லில் வெள்ளையாகப் படிவது உறைபனி. மூன்றாவது பனி!

கே: கட்டி சீக்கிரம் உடைந்தால் ஆக்சிஜன் கூடும்தானே? கட்டி முன்புபோல் நிற்பதில்லை என்று எதற்கு இந்தப் புலம்பல்?

ப: குளிர்காலத்தை மட்டும் பார்த்தால் உங்கள் வாதம் சரி. கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் மஞ்சள்கால் தவளைகள் ஏரியடியில் குளிர்காலம் கழிக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால் முதலில் சாவது வளர்ந்த தவளை, தலைப்பிரட்டை தாங்கும். ஆகவே குறுகிய குளிர்காலம் பெரியவற்றுக்கு லாபம்.

கே: அப்போ ஒத்துக்கொள்கிறீர்கள்!

ப: பாதிதான். அந்தத் தலைப்பிரட்டை தவளையாக 2 முதல் 4 வருடம் ஆகும். வெண்பனி குறைந்த வருடம் உருகி வரும் நீரும் குறைவு. கோடையில் ஆழமில்லாத குட்டை வற்றினால் மூன்று வருடக் குஞ்சும் ஒரே வாரத்தில் போச்சு. ஆழமான ஏரிக்குப் போகட்டும் என்பீர்கள்; அங்கே மனிதர் கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன் இருக்கிறது, தின்றுவிடும். ஆழமான ஏரியிலும் கட்டி சீக்கிரம் போனால் கோடை அடுக்கு, அதாவது சூடான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலக்காமல் நிற்பது, சீக்கிரம் உருவாகும். அடிநீர் அதிக நாள் காற்றில்லாமல் கிடக்கும். மார்ச்சில் வந்த லாபம் செப்டம்பரில் கழியும்.

கே: ஏரி உறைவதைக் குறித்த மிகப் பழைய பதிவு எங்கே?

ப: ஜப்பானின் சுவா ஏரி. ஷிண்டோ பூசாரிகள் 1443 முதல் குறித்து வருகிறார்கள்.

கே: பனி எத்தனை இஞ்ச் இருந்தால் மேலே நடக்கலாம்?

ப: மறுபடியும் பனியா! தெளிந்த பனிக்கட்டி என்றால் 10 செ.மீ. ஈர வெண்பனி உறைந்த வெள்ளைக் கட்டிக்குப் பலம் பாதிதான், 20 வேண்டும். நீர் வந்து விழும் வாய்க்கால் பக்கம் எத்தனை இருந்தாலும் போகாதீர்கள்.